மூன்றாவது பேரிங்கை அறுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஈ.டி.பி.யில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஏரேஷன் டேங்குக்குக் காற்று கொடுக்க இரண்டு ப்ளோயர்கள் ஓடுகின்றன. இரட்டை லோப் ரூட்ஸ் வகை, அதாவது உள்ளே இரண்டு ரோட்டார்கள் எதிரெதிராகச் சுற்றிக் காற்றைத் தள்ளும். ஒவ்வொன்றையும் 15 கிலோவாட், அதாவது 20 எச்.பி. மோட்டார் வி-பெல்ட் வழியாக ஓட்டுகிறது. ஏழு வருடம் வாய் திறக்காமல் ஓடிய அந்த மோட்டார்களில் ஒன்று, எட்டு மாதத்துக்குள் மூன்று முறை பேரிங் போய் நின்றது. ஒரு பேரிங் விலை சுமார் 1,300 ரூபாய்தான். ஆனால் லேத் வேலை, கூலி, வாடகை ப்ளோயர், நின்றுபோன டையிங் எல்லாவற்றையும் கூட்டினால் 1,40,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. யாராவது முதல் நாளே "பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீங்க, அறுத்துப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளோயர் நிற்பது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்ட ஊர் இது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டில்தான் இன்று பட்டறைகள் ஓடுகின்றன. டேங்கில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது இருக்க வேண்டும். சில மணி நேரம் காற்று இல்லாவிட்டால் தண்ணீர் கறுத்து நாற ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு உயிர் பிடிக்க நாட்கணக்கில் ஆகும். ஒரு ப்ளோயர் பாதி லோடுதான் தாங்கும் என்பதால், இன்னொன்று நிற்கும்போதெல்லாம் பாதி டையிங் மெஷினை நிறுத்தியாக வேண்டும்.

முதல் முறை ராத்திரி ஷிஃப்டில் மோட்டாரின் புல்லிப் பக்கம் கரகரவென்று சத்தம். காலையில் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பினோம். மதியத்துக்குள் இரண்டு பேரிங்கும் மாற்றி வந்துவிட்டது. பேரிங்கும் கூலியும் சேர்த்து 4,100 ரூபாய், நின்றது ஒன்பது மணி நேரம். "ஏழு வருஷம் ஓடியிருக்கு, தேய்ஞ்சிருச்சுங்க" என்றார் மெக்கானிக். நானும் அப்படியே நினைத்தேன். பழைய பேரிங் பழைய இரும்புக்குப் போனது. முதல் தப்பு அதுதான்.

பதினோரு வாரத்தில் அதே சத்தம். இந்த முறை கழற்றும்போது பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். முதல் ரிப்பேரில் நடந்த கோளாறுகள் வரிசையாக வெளியே வந்தன. முதலாவது, போட்டிருந்தது வெறும் 6309. அந்த மோட்டாருக்கு வேண்டியது 6309 சி3. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும், 45 மி.மீ. உள்விட்டம், 100 வெளிவிட்டம், 25 அகலம். அளவு ஒன்றுதான் என்று கடைக்காரர் எதையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் சி3 என்பது உள்ளே குண்டுகளுக்கு இருக்கும் இடைவெளியைக் குறிக்கிறது. இந்த அளவுக்குச் சாதாரண பேரிங்கில் 6 முதல் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி3-யில் 18 முதல் 36 மைக்ரான். ஷாஃப்டில் இறுக்கமாக ஏறும்போது உள்வளையம் விரியும். ரோட்டார் சூட்டில் இன்னும் விரியும். இடைவெளி குறைவான பேரிங் அதிலேயே பிடித்துக்கொள்ளும். மோட்டார் பெயர்ப்பலகையில் பேரிங் நம்பர் இருந்தால் கடைசி எழுத்து வரைக்கும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் வெளிவளையத்தில். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் விசை விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், வளையத்தில் குண்டு ஓடும் பள்ளத்தில், குண்டு இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி விழும். புது பேரிங் ஓடத் தொடங்கும் முன்பே பாதி செத்துப்போகிறது. மூன்றாவது, புல்லிக்கு எதிர்ப்பக்கத்து எண்ட் கவருக்குள் (மோட்டாரின் முனை மூடி) இருக்க வேண்டிய வேவ் வாஷர் இல்லை. நெளிநெளியாக இருக்கும் அந்த மெல்லிய ஸ்பிரிங் தகடு, பேரிங்கை ஒரு பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடித்திருக்கும். அது இல்லாவிட்டால் குண்டுகள் உருளாமல் வழுக்கும், சத்தம் வரும். கழற்றும்போது கீழே விழுந்து குப்பையோடு போய்விடக்கூடிய பொருள். மோட்டார் கடைக்குப் போகுமுன் "வாஷர் இருக்கா" என்று எழுதியே அனுப்புங்கள்.

நான்காவதுதான் மோசம். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. அதைச் சரிக்கட்ட சென்டர் பஞ்ச் வைத்துச் சுற்றிலும் புள்ளி குத்தி, அதன்மேல் பேரிங்கை ஏற்றியிருக்கிறார்கள். நம் பட்டறைகளில் இது சர்வசாதாரணம். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். புள்ளியின் முனைகள் மட்டும் உள்வளையத்தைத் தாங்கும். சில வாரத்தில் அவை மழுங்கிவிடும், பேரிங் ஷாஃப்டிலேயே சுற்றும். 25–50 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி வைத்து, பேரிங் இருக்கையின் அகலத்தில் இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் மூன்று கோணம் என ஆறு அளவு எடுக்க வேண்டும். மோட்டார் ஷாஃப்டுக்கு வழக்கமான கே5 ஃபிட்டில் (எவ்வளவு இறுக்கம் என்பதற்கான தர அளவு) 45.002 முதல் 45.013 மி.மீ. வரைக்கும் இருக்கலாம். எங்களுடையது 44.97. எண்ட் கவரின் துளை எச்7 என்றால் 100.000 முதல் 100.035 வரை இருக்க வேண்டும்; எங்களுக்கு 100.06 காட்டியது. வெளிவளையத்தின் வெளிப்பக்கம் பளபளவென்று செம்பழுப்பு நிறத்தில் மெருகேறியிருந்தால், அது கவருக்குள் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றை மறக்காதீர்கள்: லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கக் கூடாது. ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் ஒரே அறையில் ஒரு மணி நேரமாவது கிடக்கட்டும்.

ஷாஃப்டை வெல்டிங் வைத்து ஏற்றித் திருப்பித் தருகிறேன் என்றார்கள். வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையும், கழுத்தில் விரிசல் விடும். மெட்டல் ஸ்ப்ரே செய்து கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவரச் சொன்னோம்; எண்ட் கவருக்கு ஸ்லீவ் போட்டோம். இரண்டுக்கும் 6,500 ரூபாய். மிகச் சின்னத் தேய்மானம் என்றால் பேரிங் பிடிப்புப் பசையால் சமாளிக்கலாம். ஆனால் சென்டர் தப்பாமல் உட்காரும் என்ற உறுதி அதில் இல்லை. பேரிங்கும் போலியாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததால், அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கினோம். எஸ்கேஎஃப் ஆத்தென்டிகேட் மாதிரியான செயலிகளும் இருக்கின்றன. பெட்டியையும் பேரிங் மேல் உள்ள எழுத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்கலாம். விலை சந்தையைவிடப் பாதியாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

இந்த முறை ஏற்றும் வேலையை நாங்களே செய்தோம். இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் சுத்தமான எண்ணெய்த் தொட்டியில் சூடாக்கலாம். பேரிங் தொட்டியின் அடியில் படாமல் கம்பியில் தொங்க வேண்டும். கேஸ் டார்ச் கூடவே கூடாது. 45 மி.மீ. துளை இருக்கும் சூட்டைவிட 80 டிகிரி கூடினால் சுமார் 43 மைக்ரான் விரியும். அதுவே வழுக்கிக்கொண்டு போகப் போதும். திறந்த பேரிங் என்றால் 110 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ரப்பர் சீல் உள்ளது என்றால் 80 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதை எண்ணெயிலும் போடக் கூடாது. இன்ஃப்ராரெட் துப்பாக்கி பளபளப்பான உலோகத்தில் குறைவாகக் காட்டும். உள்வளையத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதைப் பார்த்து அளங்கள். ஏற்றியதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஆறும்போது அகலத்திலும் சுருங்கி, ஷாஃப்டின் தோளிலிருந்து நகர்ந்துவிடும். ஆறும் வரை குழாய் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், பிறகு தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.03 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பாருங்கள்.

கிரீஸ் விஷயத்தில் நானே தப்பு செய்துகொண்டிருந்தேன். சத்தம் வந்தால் வெளியே பிதுங்கும் வரை அடிப்பது வழக்கம். அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வெளிவிட்டம் × அகலம் × 0.005. நூறு, இருபத்தைந்து, 0.005 பெருக்கினால் 12.5 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கால் பயனில்லை. இருபது அழுத்து ஒரு தாளில் அடித்து, கலர் லேபில் சாயம் எடைபோடும் தராசில் வைத்தோம், 26 கிராம். ஆக ஒரு அழுத்து 1.3, மொத்தம் பத்து அழுத்துக்குள் வேலை முடிந்தது. அடிக்கும்போது கீழே டிரெயின் பிளக்கைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் ஓடிய பிறகே மூட வேண்டும். அதிகமானால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடாகும், வைண்டிங் மேலும் போகும். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸைக் கலந்தால் பல நேரங்களில் இரண்டும் தண்ணீராகிவிடும். மாற்றுவதென்றால் பழையதை முழுக்கக் கழுவிவிட்டு மாற்றுங்கள்.

பெல்ட் இழுவையும் பார்த்தோம். இரண்டு புல்லிக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. அமுங்க வேண்டும், அதுவும் பெல்ட்காரர் அட்டவணையில் சொல்லும் விசையில். கட்டைவிரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பிரிங் தராசு கொக்கி மாட்டி இழுத்துப் பாருங்கள். பெல்ட் வழுக்குகிறது என்று டைட் வைத்துக்கொண்டே போனால் அத்தனை இழுப்பும் புல்லிப் பக்கத்து பேரிங் மேல்தான். மாற்றினால் எல்லாப் பெல்ட்டையும் செட்டாக மாற்ற வேண்டும். புதுசை ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி இழுவை பார்க்க வேண்டும். மோட்டாரின் நான்கு காலும் தளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி டயல் கேஜில் பார்த்தோம். ஒரு கால் 0.05 மி.மீ.க்கு மேல் எழுந்தால் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், ஒன்று 0.2 எழுந்தது, வைத்தோம்.

எல்லாம் அளந்து, எல்லாம் சரியாக. இனி ஏழு வருடம் என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்தே மாதத்தில் மறுபடி சத்தம். இந்த முறை ஊளை மாதிரி, வேகம் ஏற ஏற உச்சமாகும் ஒரு சத்தம். அன்றைக்கு மனசு விட்டுப்போனது. செய்யக்கூடிய அத்தனையும் செய்தாயிற்று, யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு நாள் நின்றது. ப்ளோயர் வாடகைக்கு எடுத்தோம். செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு நாளில்தான் போனது.

அப்போதுதான் பழைய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழற்றுமுன் வெளிவளையத்தில் மேல் பக்கம் எது, பெல்ட் இழுக்கும் திசை எது என்று மார்க்கரில் குறித்திருந்தேன். அறுக்கும் முறை இது: குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூண்டின் ரிவெட்டுகளை வெட்டிக் கூண்டை எடுத்துவிட்டு, எட்டுக் குண்டுகளையும் ஒரே பக்கம் ஒதுக்கினால் உள்வளையம் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளியே வந்துவிடும். வராவிட்டால் வைஸில் துணி சுற்றிப் பிடித்து, வெளிவளையத்தை மெல்லிய கட்டிங் வீலால் இரண்டு இடத்தில் வெட்டலாம். கண்ணாடி கட்டாயம். பேரிங் எஃகு கண்ணாடி மாதிரித் தெறிக்கும், சுத்தியல் படவே கூடாது. பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பள்ளம் கதை சொல்லும். பெல்ட் இழுக்கும் பக்கம் மட்டும், பள்ளத்தின் நடுவில் ஒரே சீரான மங்கல் பட்டை இருந்தால் நேர்மையாக உழைத்த பேரிங். பட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்து ஓடினால் நேர்க்கோடு தப்பியிருக்கிறது. எதிரெதிர் இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தால் கவர் முட்டை வடிவம் ஆகியிருக்கிறது, அல்லது கால் எழுந்திருக்கிறது. குண்டு இடைவெளிக்கு ஒன்றாகக் குழி இருந்தால் சுத்தியல். நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடு, கிரீஸ் பஞ்சம். எங்கள் பேரிங்கில் இது எதுவுமே இல்லை. துணி துவைக்கும் பலகையில் இருக்குமே, அந்த மாதிரி குறுக்குக் கோடுகள், சம இடைவெளியில், பள்ளம் சுற்றிலும். குண்டுகள் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தன. கிரீஸ் தார் மாதிரி கறுத்திருந்தது. இது மின்சாரம் பேரிங் வழியாகப் போன அடையாளம்.

யோசித்தபோது தேதி பொருந்தியது. முதல் பேரிங் போவதற்கு ஐந்து மாதம் முன்புதான் கரண்ட் மிச்சம் பிடிக்க அந்த மோட்டாருக்கு வி.எஃப்.டி. டிரைவ், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி, போட்டிருந்தோம். இன்னொரு ப்ளோயர் நேரடி ஸ்டார்ட்டரில் ஓடுகிறது. அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. டிரைவ் 415 வோல்ட்டை வாங்கி, உள்ளே சுமார் 587 வோல்ட் டி.சி. ஆக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்குத் தருகிறது. மூன்று ஃபேஸையும் கூட்டினால் பூஜ்யம் வருவதில்லை. மிச்சப்படும் வோல்டேஜ், ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளியைக் கடந்து ஷாஃப்டில் ஏறுகிறது. பேரிங்கில் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான கிரீஸ் படலம்தான் தடுப்பு. அது தாங்காத ஒவ்வொரு முறையும் ஒரு தீப்பொறி, ஒரு நுண்குழி. எங்கள் டிரைவில் கேரியர் அலைவெண், அதாவது அப்படி வெட்டும் வேகம், 12 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. மோட்டார் கீச்சென்று கத்துகிறது என்று யாரோ சொல்ல, பொருத்தியவர் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். நொடிக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று ஸ்விட்ச்சிங் என்றால் குழிகளுக்குக் கணக்கில்லை. சாதாரண மல்டிமீட்டரில் ஷாஃப்ட் வோல்டேஜ் தெரியாது. ஆசிலோஸ்கோப்பும் ஷாஃப்டைத் தொடும் கார்பன் ஃபைபர் முனையும் வேண்டும்.

சரிசெய்த வரிசை இது. முதலில் காசில்லாத வேலை: கேரியரை 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். கீச்சொலி கூடும், மோட்டார் கொஞ்சம் கூடச் சூடாகும்; பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து எர்த். மோட்டார் எர்த் எங்கோ சுற்றிக் கட்டட இரும்பில் கட்டியிருந்தது. டிரைவ் பேனலின் எர்த் பாரிலிருந்து மோட்டார் உடல் வரை ஷீல்டு கேபிள் (மேலே உலோக உறை உள்ளது) போட்டு, ஷீல்டை இரு முனையிலும், கேபிள் நுழையும் கிளாண்டில் சுற்றிலும் பிடிக்கச் செய்தோம். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி ஒரு போல்ட்டில் கட்டினால் உயர் அலைவெண்ணுக்கு அது எர்த்தே இல்லை. மோட்டார் உடலுக்கும் ப்ளோயர் உடலுக்கும் நடுவே தட்டையான பின்னல் செம்புப் பட்டை. அந்த அலைவெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் உருண்டைக் கம்பியைவிடத் தட்டைப் பட்டை நல்லது. மூன்றாவது, புல்லிப் பக்கம் ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங், அதாவது ஷாஃப்டில் ஏறும் மின்சாரத்தை பேரிங்குக்குப் போகாமல் எர்த்துக்கு இறக்கும் வளையம். ஷாஃப்டில் பெயிண்ட், துரு எதுவும் இல்லாமல் தேய்த்துப் பளபளப்பாக்கி வெள்ளிப் பூச்சு கொடுத்துத்தான் மாட்ட வேண்டும். ஈ.டி.பி. ஈரத்தில் அது அழுக்கேறும்; மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். நான்காவது, எதிர்ப்பக்கம் வெளிவளையத்தில் செராமிக் பூச்சு உள்ள இன்சுலேட்டட் 6309. எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். பெல்ட் இல்லாமல் நேரடியாகக் கப்ளிங்கில் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மோட்டார் பேரிங்கை மட்டும் இன்சுலேட் செய்துவிட்டால் மின்சாரம் கப்ளிங் வழியே போய் ஓட்டப்படும் மெஷினின் பேரிங்கைத் தின்னும்.

இதற்கு நடுவில் ஒரு எலக்ட்ரீசியன் மோட்டார் கேபிளைக் கழற்றாமலே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடப் போனார். கடைசி நொடியில் தடுத்தோம். டிரைவோடு சேர்த்து மெக்கர் அடித்தால் டிரைவின் அவுட்புட் பகுதி போய்விடும். மெயினை அணைத்து, டிரைவ் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து, டி.சி. பஸ்ஸில் வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். பைப் சப்போர்ட்டுக்கு வெல்டிங் வைக்கும்போதும் அதே கவனம்: வெல்டிங் எர்த் கிளாம்பை ப்ளோயர் உடலில் மாட்டி, வெல்டிங்கை வேறு பக்கம் அடித்தால் அந்தக் கரண்ட்டும் பேரிங் வழியாகத்தான் திரும்பும்.

இப்போது இரண்டு வருடம் தாண்டி ஓடுகிறது. மாதம் ஒரு முறை பேரிங் கவர் மேல் அதிர்வு அளக்கிறோம், 1.6 மி.மீ./நொடிக்கு அருகிலேயே நிற்கிறது. 2.8 தாண்டினால் காரணம் தேட வேண்டும், 4.5 வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஒரு சங்கதி மட்டும் பாக்கி. மூன்றாவது முறை பயந்துபோய், அதே அளவில் ஒரு ஸ்பேர் மோட்டாரும் வாங்கி ப்ளோயர் ரூமிலேயே ஒரு மூலையில் வைத்தோம். நான்கு மாதம் கழித்துச் சோதனைக்கு ஓட்டினால் அதிலும் பேரிங் சத்தம், ஒரு மணி நேரம்கூட ஓடாத மோட்டாரில். ஓடும் ப்ளோயரின் அதிர்வு தரை வழியாக வந்து, சுற்றாமல் நின்ற குண்டுகள் ஒரே இடத்தில் உரசி உரசிக் கிரீஸை ஒதுக்கிப் பள்ளத்தைத் தின்றிருக்கிறது. இப்போது அது வேறு அறையில், ரப்பர் பாய் மேல் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஷாஃப்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, புல்லியில் உள்ள சாக்பீஸ் கோடு போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்காதபடி கால் சுற்று தள்ளி நிறுத்துகிறோம்.